பாஸ்டரின் கழுத்து நின்ற திசை

ஃப்ரோனேமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, திண்டிவனம் பாஸ்டர் பிரான்சிஸின் தலை தென்மேற்கே திரும்பி அப்படியே நின்றுவிட்டது. அந்த வாரம் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலை மூட்டைக்கு நூறு ரூபாய் ஏறியிருந்தது. வேதத்தில் வரும் அந்தச் சொல்லைச் சிந்தை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அது வெறும் நினைப்பு அல்ல, மனசு எந்தப் பக்கம் சாய்ந்தே கிடக்கிறதோ அந்தச் சாய்மானம் என்று விளக்கியவர், தன் சாய்மானம் முழுக்க ஆண்டவர் பக்கம்தான் என்று நெஞ்சில் கை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. சுளுக்கு எடுக்கும் முத்துசாமி எண்ணெய் தடவித் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தலை நின்ற இடத்திலேயே நின்றது, உடம்புதான் சுற்றி வந்தது.

தென்மேற்கே என்ன இருக்கிறது என்று பாஸ்டரின் மனைவி தேவயானியை யாரும் கேட்கவில்லை. அந்தத் திசையில் இருக்கும் விழுப்புரத்தில், சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், காப்பி கொடுக்கும்போதாவது அவர் தன் முகத்தைப் பார்க்கமாட்டாரா என்ற ஏக்கம் மட்டும் அவளுக்குத் தீரவில்லை. நாற்காலி கிடைத்துவிட்டால் ஆசை அடங்கித் தலை தன் பக்கம் திரும்பிவிடும் என்று நம்பினாள். அதனால், அந்தப் பதவிக்கு அவரைப் பார்வையிட விழுப்புரத்திலிருந்து கமிட்டி வரும் தகவல் கிடைத்ததும் அவளே வழி சொன்னாள்.

"கழுத்தத் திருப்ப முடியலன்னா பெஞ்சத் திருப்பிப் போடுங்க. ஜனங்கள விழுப்புரம் பக்கமா உக்கார வெச்சிட்டா, அவங்களத்தான் பாக்குறீங்கன்னு நெனச்சிக்குவாங்க."

அப்படியே நினைத்தார்கள். ஆடுகளை விட்டுக் கண்ணெடுக்காத மேய்ப்பர் என்று கமிட்டி எழுதிக்கொண்டு போனது.

விழுப்புரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்த நிமிஷம் கழுத்து இளகியது. தேவயானி புடவையைச் சரிசெய்துகொண்டு எதிரே போய் நின்றாள். தலை டேபிள் ஃபேன் மாதிரி நிதானமாகச் சுற்றி, அவளைக் கடந்து, வடகிழக்கே போய் நின்றது. சேதி கேட்டுத் திண்டிவனம் சபையே கண்கலங்கியது. பாஸ்டர் இன்னமும் தங்கள் ஊரையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பிவைத்தார்கள். அதே ரோடு திண்டிவனத்தோடு நிற்காமல் சென்னைக்குப் போகிறது, சபையின் தலைமை அலுவலகமும் அதைவிடப் பெரிய நாற்காலியும் அங்கேதான் இருக்கின்றன என்பதை தேவயானி யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே விழுப்புரம் வீட்டுக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மல்லாட்டை உரிப்பதும் துணி மடிப்பதும் இப்போது அங்கேதான். பக்கத்து வீட்டு அஞ்சம்மாளுக்குப் பார்க்கப் பார்க்கப் பொறாமை.

"வெச்ச கண்ணு வாங்காம உங்களையே பாத்துக்கினு இருக்காரு. குடுத்து வெச்சவங்க நீங்க."

தேவயானி ஆமாம் என்கிறாள். வீடு பெருக்கும்போதுகூட அந்த நாற்காலியை அவள் நகர்த்துவதில்லை.