சிங்கமா, ஆந்தையா?

ஆந்தை மார்க் பெட்டியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கேம் விளையாடும் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பதால் தெருவே அவளைப் பெட்டி டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவள் மேஜைக்கு நாள் தவறாமல் ஓர் ஆந்தை வந்துவிடும். ஒன்றில் ஃபேன் இரையும், இன்னொன்றில் பவர் சப்ளை புகையும். சிங்க மார்க் பெட்டியோ மருந்துக்குக்கூட ஒன்று அவள் கடைப்படி ஏறியதில்லை.

அதனால்தான் எந்த மார்க் வாங்கலாம் என்று நாத்தனார் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. நாத்தனார் வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கேமிங் சென்டர் திறக்கிறாள். பெட்டிகளுக்கு இன்றைக்கே ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

"கண்ண மூடிக்கிட்டு சிங்கத்த வாங்கு. ஆந்தை தரித்திரம், வேண்டவே வேண்டாம்" என்று அடித்துச் சொல்லி அனுப்பினாள்.

நாத்தனார் போன கையோடு ஒரு பஸ் டிரைவர் ஆந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினால் ஒரு தலையணைக்கு ஆகும் தூசி.

"சனியன், வந்துடுச்சு பாரு!"

"ஏம்மா கரிச்சுக்கொட்டுற? என் பொண்ணு பள்ளிக்கூடம் போறப்ப வாங்குனது. இப்ப அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இன்னிக்குத்தான் மொத தடவையா மக்கர் பண்ணுது. என் தம்பியும்தான் சிங்கம் வாங்குனான். ஒரே வருஷத்துல அவுட்டு!"

"அத ஏன் இங்க கொண்டு வரல?"

"கொண்டு வந்து? வெளி பார்ட்ஸ் எதுவும் அதுல சேராதாம். கம்பெனில கேட்டா புதுசு வாங்கிக்கோங்கன்னான். தம்பி தூக்கிப் போட்டுட்டான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலமாரியில் இருந்த ஆந்தைகளைப் பார்த்தாள். அத்தனையும் பழுத்த கிழங்கள். உயிர் இருப்பதால் வைத்தியத்துக்கு வந்திருக்கின்றன. செத்த சிங்கம் எப்படி வரும்? இத்தனை வருஷத் தொழிலில் இது தன் மரமண்டைக்கு உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போன் போட்டால் நாத்தனார் எடுக்கவில்லை. டிரைவரையே கடைக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினாள்.

கம்ப்யூட்டர் கடை வாசலில் நாத்தனார் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

"முடிச்சாச்சு அண்ணி!"

"ஐயோ, சிங்கமா?"

"ஆந்தை. எல்லாமே ஆந்தை. கோவிச்சுக்காதீங்க."

"நான் அவ்வளவு சொன்னேனேடி!"

"சொன்னீங்க. ஆனா எந்தப் பெட்டியா இருந்தாலும் ஒருநாள் படுக்கத்தான் செய்யும். நீங்க திட்டிக்கிட்டே எத்தன ஆந்தைய எழுப்பி அனுப்பியிருக்கீங்க! உங்க வாய விட உங்க கைய நம்புனேன், அவ்வளவுதான்."

தன் பேச்சைக் கேட்காதவர்களிடம் மாதக்கணக்கில் முகம் கொடுக்காதவள் அந்த அண்ணி. இப்போது சந்தோஷம் தாங்காமல் நடுத்தெருவிலேயே நாத்தனாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே ஓடி வந்திருந்தாள்.

"அண்ணி, முதுகுல குத்துது!"

"குத்தட்டும், பேசாம நில்லு."