‘முன்’ என்று போட்ட படம்

எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சட்டம் அடிப்பது நான். பின்பக்கம் அட்டை வைத்து ஒட்டுவது என் அத்தை. எழுபத்திரண்டு வயது. இன்னும் கை நடுங்காது.

புதிதாகக் காபிக் கடை திறக்கப்போகிறவர் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்: சோப்பு, சைக்கிள், தலைவலி மாத்திரை.

“சுவர்ல மாட்டினா எடுப்பா இருக்கும்க்கா. வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க.”

அவர் போனபின் ஒவ்வொன்றாக விரித்தோம். ஒன்றைப் பார்த்ததும் அத்தை கையை எடுத்துவிட்டார். முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு. இடப்பக்கம் ‘முன்’ என்று கறுத்த, களையில்லாத ஒரு பெண். வலப்பக்கம் ‘பின்’ என்று வெள்ளையாக ஒருத்தி, சிரித்தபடி.

“இந்த ‘முன்’ பக்கம் இருக்கறது நான்டி.”

படத்தையும் அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“பத்தொன்பது வயசு. நான் வேலை பார்த்த தையல் கம்பெனிக்குக் களிம்புக்காரங்க வந்து, ஒரு மாசம் களிம்பு சும்மா தர்றோம், முன்னாடி ஒரு போட்டோ, அப்புறம் ஒரு போட்டோன்னாங்க. கரித்தூளைப் பூசி, சிரிக்காதேன்னு சொல்லி எடுத்தான். பத்தாம் நாள் கன்னம் வெந்துபோச்சு. அவங்க ஆபீசுக்குக் கேக்கப் போனா வாசல்லயே நிறுத்திட்டாங்க. அடுத்த வாரம் பேப்பர்ல இது. ‘பின்’னு போட்டிருக்கறவ யாருன்னே தெரியாது. வேலைக்குப் போனா, ‘முன் வருது பாரு’ன்னு சிரிப்பாங்க.”

அத்தையின் கன்னத்தில் இன்னும் இருக்கும் திட்டுகளைத் தீக்காயம் என்றே வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். காபிக் கடைக்காரரை வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

“அப்படியா? சுவாரசியமா இருக்கே. இப்ப இதை யாரும் விளம்பரமா பாக்க மாட்டாங்கக்கா, கலையாத்தான் பாப்பாங்க. இவங்களுக்கும் பெருமைதானே?”

“வெந்துபோனதுல என்னங்க பெருமை?” என்றேன். “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. இதுல ஒண்ணுக்கும் நான் சட்டம் போட மாட்டேன்.”

அவர் வேறு கடையில் சட்டம் போட்டுக்கொண்டார். திறப்பு நாளில் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். அந்தப் படத்தைக் கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அத்தை அதன் கீழே போய் நின்றுகொண்டார். போட்டோ எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கன்னத்தைத் திருப்பிக் காட்டி, “இது நான். இது அந்தக் களிம்பு,” என்றார். சத்தம் போடவில்லை. பலர் போனை உள்ளே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாங்கள் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

நான்காம் நாளும் கிளம்பினார்.

“அதான் எடுத்தாச்சே அத்தை?”

“எடுத்தான். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?”

எங்களைக் கண்டதும் கடைக்காரர் வாசலுக்கே வந்தார். “மன்னிச்சிடுங்க,” என்றார், என்னைப் பார்த்து.

“என்கிட்ட இல்ல.”

தலையைக் குனிந்து அத்தையிடம் சொன்னார். அத்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். தெருமுனையில் கையைப் பிடித்தேன். விரல்கள் இறுக மூடியிருந்தன.

“ஐம்பத்து மூணு வருஷம்டி,” என்றார். “இவன் சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டியவன் ஒருத்தனும் வரலையே.”