ஃப்ரிட்ஜ் மோட்டார்

மரத்தை இறுக்கிப் பிடிக்க வக்கில்லாத மெஷின் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பட்டறையில் மரம் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து மெஷின்காரனுக்கு அதுதான் தலைவலி. கம்ப்யூட்டர் சொன்ன கோட்டில் கட்டர் பிசகாமல் ஓடும். போகிற வழியில் பலகையை இறுக்கும் கிளாம்ப் இருக்கிறது என்று அதற்குக் கண்ணா தெரியும்? இரண்டு கட்டர்கள் கிளாம்பில் மோதித் தெறித்தன. இருபக்க டேப் ஒட்டினால், பிய்க்கும்போது பலகையின் தோலும் கூடவே வந்தது. காற்றை உறிஞ்சிப் பலகையை மேசையோடு ஒட்டவைக்கும் வேக்கம் பிடிகளைக் கடையில் விலை கேட்டான். கேட்ட கையோடு போனை வைத்துவிட்டான்.

தானே செய்ய உட்கார்ந்தான். பலகையை வட்டம் வட்டமாக வெட்டி, ஓரத்தில் பள்ளம் எடுத்து, அதில் ரப்பர் கயிறு பதித்து, நடுவில் துளை போட்டுக் குழாய் சொருகினான். வெறும் பலகை காற்றைக் கசியவிடும் என்பதால் வார்னிஷை மேலுக்கு மேல் அடித்தான். எல்லாம் தயார், உறிஞ்ச மோட்டார் மட்டும் இல்லை. ஃப்ரிட்ஜ் மோட்டாரும் காற்றை உறிஞ்சும் என்று காயலான் கடையிலிருந்து தூக்கி வந்தவை முனகிவிட்டுச் செத்தன. சமையலறைக் கதவுகள் தருவதாக வாக்குக் கொடுத்த நாளோ கழுத்தை நெரித்தது. அப்போதுதான் அவன் புத்தி புல் மேயப் போனது.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொந்த ஃப்ரிட்ஜை நிறுத்திப் பின்பக்கக் குழாயை வெட்டினான். வாயு உஸ்ஸென்று போனது. போனது போனதுதான், அதே மோட்டாரைத் திரும்பப் பொருத்துவது லேசில்லை என்று அவனுக்குத் தெரியாமலில்லை. மனைவியிடம், மோட்டார் போய்விட்டது, மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன் என்றான். பட்டறையிலேயே படுத்து எழுந்து கூட வேலை செய்யும் மச்சினனிடம், காயலான் கடைச் சரக்கு என்றான். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்காதவரை நிம்மதி.

வீட்டோடு இருக்கும் மாமனாரின் சர்க்கரை ஊசி மருந்து எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனது. வேளாவேளைக்கு அவன் மனைவி அந்த வாசலில் போய் நின்றாள். முதலில் சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்த எதிர்வீட்டுக்காரி, இப்போதெல்லாம் இரண்டு முறை கூப்பிட்டால்தான் கதவைத் திறக்கிறாளாம். இதையும் மனைவி ஒருநாள் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

ஒருநாள் மதியம் அவன் வீட்டுக்குப் போகாததால், அவளே சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தாள். கதவுப் பலகையில் கட்டர் பாதி வழி போயிருந்தது. மச்சினனுக்கு வாய் நிற்கவில்லை. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பிடிகளைக் காட்டினான்.

"யானைய கட்டி இழுத்தாலும் அசையாதுக்கா. எல்லாம் அத்தான் மூளை. நீதான் இவர ஒன்னுக்கும் லாயக்கில்லன்னு சொல்லுவ."

அந்த நேரம் பார்த்து, குறைந்த இழுப்பை ஈடுகட்ட மோட்டார் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. கடக் கடக்கென்று இருமல், பிறகு மூக்கடைத்தவனின் குறட்டை. அவள் தலைமாட்டுக்கும் அந்த ஃப்ரிட்ஜுக்கும் நடுவே இருந்தது ஒரே சுவர். வருஷக்கணக்காக அந்தக் குறட்டையைக் கேட்டுத் தூங்கியவள் அவள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவன் கை மோட்டார் சுவிட்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. கட்டர் மரத்துக்குள் சுழல்கிறது. இப்போது இழுப்பை விட்டால் பலகை பறந்து எவன் மண்டையையாவது பிளக்கும். மெஷினை முதலில் நிறுத்தலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று மச்சினன் கேட்பான். வெட்டு முடியும்வரை நின்றான். திருடிக் கட்டிவைத்த ஆடு சொந்தக்காரி எதிரிலேயே கத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு.

ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று தம்பி கேட்டான். சத்தம் காதைக் குடைகிறது என்று அவள் சொன்னாள். அவள் காட்டிக்கொடுக்காததுதான் அவனை அதிகம் சுட்டது.

மச்சினன் அடுத்த பலகை எடுக்க வெளியே போனதும், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நான் அடுத்தவ வாசல்ல நிக்கிறத விடுங்க. அப்பா என்ன சொல்றாரு தெரியுமா? நான் வாங்கிக் குடுத்த ஃப்ரிட்ஜு மட்டமான சாமான், மாப்பிள்ள என்ன நெனைக்கிறாரோன்னு தினம் குன்றிப்போறாரு. உங்க எதிர்ல ரெண்டாவது தடவ சோறு கேக்க யோசிக்கிறாரு."

மாமனார் ஆயுசு முழுக்க மூட்டை தூக்கிய மனிதர். கடைசியாகக் கையிலிருந்ததை வழித்துத் துடைத்து வாங்கிக் கொடுத்தது அந்த ஃப்ரிட்ஜ்.

"சாயங்காலம் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அன்று வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டான். மாமனார் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் வழக்கம்போல ஒதுங்கி இடம் விட்டார். அவன் உட்காரவில்லை.

"மாமா, ஃப்ரிட்ஜ் கெடல. நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் மோட்டார கழட்டிப் பட்டறையில வெச்சுக்கிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஏசுவார், காறித் துப்புவார் என்று அவன் முகத்தைத் தயாராக வைத்திருந்தான். பெரியவர் கேட்டது வேறு.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது மாமா."

"நிக்காமயா?"

"பொழுதுக்கும் ஓடுது."

வளைந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "அந்தக் கடைக்காரன் அடிச்சுச் சொன்னான், ரொம்ப வருஷம் ஒழைக்கும்னு. பாவம், அவன போயி ஏமாத்துக்காரன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்." மாப்பிள்ளையைத் திட்ட அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. "மரத்த அது புடிக்கிறத நான் பாக்கணுமே. நாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அங்கே அவர் மகன் இருப்பான், மோட்டார் காயலான் கடைச் சரக்கு என்று நம்பிக்கொண்டு. அவனிடமும் இவரே வாயாரச் சொல்லிப் பெருமைப்படுவார், இது என் ஃப்ரிட்ஜ் மோட்டார் என்று.

"சரி மாமா" என்றான். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். பெரியவரோ, பட்டறைக்குப் போக எந்தச் சட்டை துவைத்திருக்கிறது என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.