ஒதுக்கி வைத்த படங்கள்

டப்போ என்ற உள்நாட்டு ஊரிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு சிட்னிக்கு வந்திருந்தாள் மார்லீன். மூன்று வருடமாகக் காற்றுப் பட்டாலே கண் எரிந்தது. டாக்டர்களோ கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள். தன் வலியைத் தானே சந்தேகிக்கத் தொடங்கியிருந்தாள். இன்று கருவிழி நரம்புகளைப் படமெடுத்து, கணினியே எண்ணிச் சொல்லும் சோதனை.

"எண்ணிக்கை நார்மல்தான்," என்றான் படமெடுத்த டேமியன்.

திரையின் ஓரத்தில் வெறும் சாம்பல் நிறமாகச் சில படங்கள் கிடந்தன.

"அதெல்லாம் என்ன?"

"சரியா விழாத படம். நரம்பே தெரியல. தெளிவா இருக்கறதத்தான் எண்ணக் கொடுப்போம்."

"தெரியலியா, இல்ல அங்க நரம்பே இல்லியா?"

அவன் குனிந்து பார்த்தான். படத்தில் கலங்கல் எதுவும் இல்லை. நரம்புதான் இல்லை.

"நல்ல இடமாப் பொறுக்கிக் கொடுத்தா உன் மெஷின் வேற என்ன சொல்லும்? எல்லாத்தையும் போடு டேமியன். நான் நகர மாட்டேன்."

போட்டான். ஒரு படத்துக்கான சராசரி எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

"சாரி மார்லீன். நரம்பு அழிஞ்சதாலதான் இந்த எரிச்சல். இப்பவாவது தெரிஞ்சுதே, நிம்மதிதானே?"

நிம்மதி வரவில்லை. தன்னையே பொய்க்காரியாக நினைத்த மூன்று வருடம்தான் நினைவுக்கு வந்தது.

"எங்கிட்ட சாரி சொல்லாத. எந்தப் படத்த ஏன் ஒதுக்கினேன்னு ரிப்போர்ட்ல எழுது. எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டு."