நிற்காத வண்டிக்கு ஒரு ராஜினாமா

கலியமூர்த்தியின் மோட்டார் சைக்கிள் 1966 பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியது. அதன் பிறகு ஏழு வருஷம் அதன் இன்ஜின் அணையவில்லை. விருத்தாசலத்தில் இதைச் சொல்கிறவர்கள் குரலை உயர்த்துவதில்லை. அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை இறங்கியதையும் இதே குரலில்தான் சொல்வார்கள்.

கலியமூர்த்தி செராமிக் பட்டறையில் சூளை மேஸ்திரி. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டிக் கழித்துப்போட்ட பி.எஸ்.ஏ. வண்டி, நான்கு சாக்குகளில் துண்டு துண்டாக ஜங்ஷன் சரக்குக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை ஏலத்தில் எடுத்து வந்து ஐந்து வருஷம் உட்கார்ந்து கோத்தார். இரும்புக்கடை நைனா முகம்மது பிஸ்டன் வளையத்துக்காகத் திருச்சிக்கும் செயினுக்காகப் பாண்டிச்சேரிக்கும் போய்வந்தார். வண்டி எழுந்து நின்றது, உயிர்தான் வரவில்லை. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தது, அந்த அளவில் வேறு எங்கும் கிடைக்கவில்லை. பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பீங்கானுக்கு அலைவதா என்று மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழல் செய்து வைத்துச் சுட்டார். நாற்பது குழல்கள் வெடித்தன. நாற்பத்தொன்றாவது நின்றது. அதைப் பொருத்திக் கால் வீங்கும்வரை உதைத்தும் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

அவருடைய மனைவி அம்சவல்லிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சில் தங்கிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்தால் மூச்சு வாங்கும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குறையைத் தாளில் எழுதிக் கோயில் வேலில் கட்ட வேண்டும். காரியம் ஆனதும் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதித் தர வேண்டும்.

“என்னால அவ்ளோ தூரம் நடக்க முடியலங்க. எனக்காவ நீங்க போயி கட்டிட்டு வாங்க” என்றாள் அம்சவல்லி.

போனார். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது, மனசிலும் அதுதான் இருந்தது. ‘என் பி.எஸ்.ஏ. வண்டி ஓட வேண்டும்’ என்று எழுதிக் கட்டினார். வண்டி ஓடினால் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். திருடனுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

ஒன்பதாவது நாள் வண்டி ஒரே உதையில் எழுந்தது. சாமி கொடுத்தால் அளந்தா கொடுக்கும்? பெட்ரோல் குழாயை மூடினார், ஓடியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், அப்போதும் துக் துக் என்று ஓடியது. வேப்பூருக்குப் போனார், திட்டக்குடிக்குப் போனார், வெலிங்டன் ஏரிக்கரையில் போகும்போது நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கும்பிட்டார்கள். கோழிகள் அந்தச் சத்தத்துக்குப் பழகி வண்டியின் கீழேயே அடைகாத்தன. தொண்ணூறாவது நாள் அம்சவல்லி, “சாமிக்கு நம்ம காயிதம் போயி சேரலியோ?” என்று கேட்டாள். “சேந்திருக்கும்” என்றார் கலியமூர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு அவள் கேட்கவில்லை.

1973 ஆடியில் அவள் படுத்துவிட்டாள். டாக்டர் சூசைநாதன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆவணி தாண்டுனா பெருசு, மேஸ்திரி” என்றார். இன்னொரு பிராது கட்டலாம் என்று கலியமூர்த்தி எழுந்தபோது நைனா முகம்மதுதான் கையைப் பிடித்தார். “மொத வழக்க முடிச்சாத்தான மறு வழக்கு?” அன்று பகலில் கலியமூர்த்தி மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

“தெரியும்” என்றாள் அம்சவல்லி. “ஏழு வருசமா வண்டி வாசல்லியே நின்னு சொல்லிகினு இருக்குதே. அதுமேல போம்போது உங்க மொகத்துல ஒரு சந்தோசம் வரும். அதான் ஒண்ணும் கேக்கல.”

அவர் அந்த வண்டியிலேயே மணவாளநல்லூர் போய் ராஜினாமா எழுதினார். கையெழுத்தின் கடைசி எழுத்து முடிந்தபோது, வெளியே இன்ஜின் நின்றது. கோயில் மரத்துக் காக்கைகள் அந்த அமைதிக்குப் பயந்து கலைந்தன. இரண்டாவது தாளில் அம்சவல்லியின் பெயரை எழுதி வேலில் கட்டிவிட்டு, ஆறிப்போன வண்டியை இரண்டு மைல் தள்ளிக்கொண்டே வந்தார். தெருமுனையில் கால் நின்றுவிட்டது. அவர் வீட்டுப் பக்கமிருந்து துக் துக் என்று கேட்டது. அம்சவல்லி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

டாக்டர் சூசைநாதன் குழாயைக் காதில் வைக்கவேயில்லை, அவள் நெஞ்சின் துக் துக் மேஜைக்கு இந்தப் பக்கமே கேட்டது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சீட்டில் ‘நல்ல ஓட்டம்’ என்று எழுதிக் கொடுத்தார். வண்டியைக் கலியமூர்த்தி தனியாக எத்தனை உதைத்தாலும் எழாது. அம்சவல்லி பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்தால் போதும், சக்கரம் சத்தமில்லாமல் சுழலும். சத்தம் அவளிடமிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏரிக்கரைவரை போய்வந்தார்கள், பஸ்காரர்கள் வழி விட்டார்கள்.

காரியம் ஆனால் ராஜினாமா கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வருஷங்கள் போயின. யாராவது ஞாபகப்படுத்தினால், கலியமூர்த்தி கிரீஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, “வழக்கு இன்னும் நடந்துகினுதான் இருக்குதுங்க” என்பார்.