வியாழக்கிழமைச் சாப்பாடு

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் யார் விசாரித்தாலும் என் மாமனார் மயில்சாமி, "பையன் காலேஜ்ல இருக்கான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கேட்டவர்கள் புரொபசர் என்று நினைத்துக்கொண்டால் அவருக்குப் பரம திருப்தி. உண்மையில் என் வீட்டுக்காரர் செழியன், ஒரு கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன் கோச். பந்தையே தொடாத ஐந்து தடியன்களுக்கு, எதிரில் பாய்ந்து வருகிறவனை மறித்து நிற்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. ஒழுங்காக மறித்தால் ஒருவரும் பேர்கூடக் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை விட்டால் ஊரே திட்டும்.

பன்னிரண்டு வருஷத்தில் ஆறு வீடு. அணி தோற்றுக்கொண்டே போனால் தலைமைக் கோச்சை அனுப்பிவிடுவார்கள். அவர் போனால் அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நியூ ஜெர்சி, கலிபோர்னியா, இப்போது டெக்சஸ். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன், என்ன ஜென்மமோ.

இந்த சீசனில் ஏழு தோல்வி. வருகிற சனிக்கிழமையும் தோற்றால் எல்லோருக்கும் சீட்டுக் கிழியும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மகள் தீக்ஷாவுக்குப் பதினோரு வயது. இந்த ஊரில்தான் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐ ஆம் நாட் மூவிங் அகெய்ன், அம்மா" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. அன்று ராத்திரியே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என் பிரசவத்துக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஜெயித்தே ஆகவேண்டும்.

லைன் கோச் வீட்டில் வியாழன்தோறும் அந்த ஐந்து பேருக்கும் சாப்பாடு போடுவது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். மற்ற வீடுகளில் கறி சுட்டுப் போடுவார்கள். என் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், நெய், கோழி வறுவல். அண்டா நிறைய ஆக்கினாலும் வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவர்களில் வெஸ்லி எனக்குச் செல்லம். மேற்கு டெக்சஸில் ஏதோ ஒரு சின்ன ஊர், இருபது வயது, நூற்று நாற்பது கிலோ. அவன் நின்றால்தான் மற்ற நாலு பேரும் நிற்பார்கள் என்பார் செழியன். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒரு பெரிய சோடா பாட்டிலோடு "ஹாய் ஆன்ட்டி" என்று வருவான்.

அந்த வியாழன் அவன் தீக்ஷாவிடம், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் ஃபேர் எப்படிப் போயிற்று என்று கேட்டான். சொன்னாள். நெய் ஊற்றிக்கொண்டு மறுபடியும் கேட்டான். கோழிக்குக் கை நீட்டும்போது மூன்றாவது தடவையும் கேட்டான். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறான் என்று அவள் சிரித்தாள். பிறகு அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேஜைக்கு மேலே இருக்கிற லைட் குத்துகிறது என்றான்.

நான் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். தலையில் அடிபட்டு வந்தவனிடம், வெளிச்சம் குத்துகிறதா என்பதிலிருந்து, என்னென்ன கேட்கவேண்டும் என்ற பட்டியலை நானே திரையில் ஏற்றியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எழுந்து போய் லைட்டை அணைத்தேன். திரும்பி வந்து அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஐந்து மணிக்கு அணியின் பஸ் என்பதால் செழியன் உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் வெஸ்லி. கையில் சோடா பாட்டில். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். இன்னும் யாரும் வரவில்லையா, சாப்பாட்டுக்கு நான்தான் முதல் ஆளா என்று கேட்டான்.

வா என்றேன், வேறு என்ன சொல்வது? முந்தின நாள் எனக்கென்று எடுத்து வைத்திருந்ததைச் சுட வைத்துப் போட்டேன். வாரம் பூரா இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லிச் சாப்பிட்டான். செழியன் பையோடு வந்தவர், அவனைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரே ஒரு கேம், கண்மணி. நாளைக்கு மட்டும். சண்டே நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"ஏனுங்க, அவனுக்கு இன்னைக்கு என்ன கெழமைன்னே தெரியலைங்க."

"தெரியுது எனக்கு."

"நேத்தே தெரிஞ்சுதுங்க. நான்தான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவர் தரையைப் பார்த்தார். "டியூஸ்டே பிராக்டிஸ்ல விழுந்தான். எந்திரிச்சுப் போய் தப்பான சைடுல நின்னான். வேற யாரும் பார்க்கலை. நான் பார்த்தேன்."

அவருடைய போன் சட்டைப் பையில் இருந்தது. என்னுடையது அடுப்புக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் தொடவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் வெஸ்லியை நினைக்கவில்லை. ஏழாவது வீட்டை நினைத்தேன், அங்கே ஒரு புதுப் பள்ளிக்கூடத்து வாசலில் தனியாக நிற்கப்போகிற என் பெண்ணை நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பள்ளியிலிருந்து வந்தாள். மேஜைப் பக்கமிருந்து வெஸ்லியின் குரல் கேட்டது. சயின்ஸ் ஃபேர் எப்படிப் போயிற்று என்று கேட்டான். தீக்ஷா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, ஹி இஸ் நாட் ஜோக்கிங். கால் எ டாக்டர்."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. செழியன் போனை எடுத்தார்.

மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. நாளைக்கு இன்னொரு முட்டு வாங்கியிருந்தால் ஆளே பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் செழியன் அவரிடமும் தலைமைக் கோச்சிடமும் ஒளிக்காமல் சொன்னார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே செழியனுக்கு வேலை போய்விட்டது. இனி எந்தக் கல்லூரியும் கூப்பிடப் போவதில்லை. தீக்ஷா வீடு மாறுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை வெஸ்லியின் அம்மா காரில் வந்துகொண்டே எனக்கு போன் பண்ணினாள். அவளுக்கு இன்னும் யாரும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அழுதாள். வாராவாரம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவான் என்றாள். கதவைத் திறந்து பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டீர்களே, பெற்றவளுக்குக்கூட இப்படி வராது என்றாள். சரி சரி என்று கேட்டுக்கொண்டு வைத்திருக்கலாம். முடியவில்லை.

வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்றேன். லைட் கண்ணைக் குத்துகிறது என்று சொன்னான், நான்தான் எழுந்து போய் அணைத்தேன் என்றேன்.

காரை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"எந்த லைட்?" என்று கேட்டாள்.