நீலக் கோட்டு

கூடாரத்து முளை மறுபடியும் சாய்ந்தது. பனி உருகி இறங்கிய மண். மேலே புதுப் புல் வந்திருந்தாலும் உள்ளே வெறும் களி. கல்லால் அடிக்க அடிக்க முளை ஒரு பக்கமாகவே போனது. மாமா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லால அடிச்சா அப்படித்தான். மரச்சுத்தியல் கொண்டாந்திருக்கோம்ல? மாஸ்டர் கார் டிக்கில, ஸ்டெப்னிக்கு வலது பக்கம். போய் எடுத்துட்டு வாங்க மாப்ள."

என் மாமனார் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தானே போய் எடுக்கமாட்டார். எது எங்கே இருக்கிறது என்று சொல்வார். அது அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தக் குடும்பம் மலைக்கு வந்து இரண்டு கூடாரம் அடிக்கும். கல்யாணமான முதல் வருடமே ஓடிப்போய் எடுத்து வருகிற வேலை என் தலையில் விழுந்தது. "மாப்பிள்ளை முறுக்கெல்லாம் அடிவாரத்துலயே கழட்டி வச்சிடணும், எங்கப்பாகிட்ட செல்லாது" என்று என் மனைவி சிரிப்பாள். போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. நான் போனபோது குழாய் திறந்தே இருந்தது. முதலில் அதைத்தான் மூடினேன்.

மாஸ்டர் என்பது என் சகலை, மனைவியின் அக்கா கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரிலேயே வந்திருந்தார். அதில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. "ஸ்டியரிங் யார் கைல இருந்தாலும் நிறுத்தறது நான்தான்" என்பார். பழைய ஜோக். இந்த வருடம் வரவில்லை என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அவர் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார். "வாங்க சகலை. குண்டூசிக்காக வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா பக்கத்துல உக்காந்திருங்க போதும்" என்றார். அவள் போன பிறகு என்னைப் பேசச் சொல்லாத ஒரே ஆள் அவர். அதற்காகவே வந்தேன்.

குண்டூசி என் மகள். ஆறு வயது. கேள்வியாலேயே குத்துகிறாள் என்று அவள் அம்மா வைத்த பெயர்.

டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்கு வலது பக்கம் சுத்தியல் இருந்தது. அதை எடுத்தபோது பக்கத்தில் மூடியிருந்த விரிப்பு கூடவே வந்தது. அடியில் குண்டூசியின் பள்ளிக்கூட ஷூ. அவளுடைய தலையணை. கட்டில் பக்கத்தில் எரியும் முயல் விளக்கு, ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கயிற்றில் கட்டிய கதைப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நேர்த்தியாக மடித்து, அவளுடைய நீலக் கோட்டு. இரண்டு ராத்திரிக்கு வேண்டியதை நான் எடுத்து வைத்த பை என் காரில் இருந்தது. இது அந்தப் பை அல்ல.

அத்தை வெள்ளிக்கிழமைகளில் வந்து என் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவார். சாவி அவரிடம் ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக வீடு விசாலமாகிக்கொண்டே வந்தது. சுத்தம் என்று நினைத்தேன். முயல் விளக்கு ரிப்பேர் என்றார். நம்பினேன். கோட்டை மட்டும் போன வாரம் தேடினேன், மலையில் குளிருமே என்று. அலமாரி, பரண், துவைக்கும் கூடை. குண்டூசியும் என்னோடு சேர்ந்து தேடினாள். கட்டிலுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, "இங்கயும் இல்லப்பா" என்றாள். வெளியே வந்து தலைமுடியில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அந்த ஒட்டடையைத்தான் இப்போது நினைத்துக்கொண்டு நின்றேன்.

சகலை கையில் அடுப்போடு வந்தார். திறந்த டிக்கியைப் பார்த்தார்.

"ஏன் தொறந்தீங்க?"

"மாமா சுத்தியல் கேட்டார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த மனுஷன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். பிறகு, பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே நிதானமான குரலில், "நாளைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தோம் சகலை. இங்கருந்து அப்படியே குண்டூசி எங்ககூட வரட்டும். வீட்டுக்கு எதுத்தாப்லயே ஸ்கூல். எடம் சொல்லி வச்சாச்சு" என்றார்.

"எப்ப?"

"பனிக்காலத்துலயே."

அவர் என் ஆய்வகத்துக்கு வந்தது போன மாதம்.

அத்தையும் அக்காவும் வந்துவிட்டார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பழகாததாக இருந்தது. இந்தக் குடும்பம் உப்பு டப்பாவுக்கே சண்டை போடும்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அக்கா. "அவ உங்க வீட்ல சத்தமாச் சிரிக்கக்கூட யோசிக்கறா. லீவுல எங்க வீட்டுக்கு வந்த மொத நாள், சிரிச்சிட்டு வாயப் பொத்திக்கிட்டா. நான் பாத்தேன்."

"தலை பின்னி விடறீங்க, நகம் வெட்டி விடறீங்க, ஒரு குறை சொல்ல முடியாது" என்றார் அத்தை. "ஆனா என் பொண்ணு செத்தன்னைக்கு இருந்த மூஞ்சியவே இன்னும் வச்சிட்டிருக்கீங்களே மாப்ள. புள்ள அதத்தானே தெனமும் பாக்குது?"

பதில் இருந்தது. நாலு பதில் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வராதது அவர்களுக்குச் சாதகமான சாட்சி.

"அவளுக்குத் தெரியுமா?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து மாமாதான் சொன்னார். "தெரியாம? அப்பாகிட்ட சொல்லாதன்னோம். சொல்லலல்ல? சமத்து." அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. பிறகு, "சுத்தியல் கெடச்சுதா?" என்றார்.

சுத்தியலை அவர் மடியில் வைத்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கினேன். சகலை இரண்டடி கூடவே வந்தார். "சகலை, நான் உங்க பக்கம்தான்" என்றார். நான் நிற்கவில்லை. அவர் நின்றுகொண்டார்.

குண்டூசி ஓடைக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மலை உச்சிப் பனியிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. கையை விடுவாள், எடுப்பாள், அக்குளில் வைத்துக்கொள்வாள்.

"அப்பா, இதுல கை வச்சா மொதல்ல ஒண்ணுமே தெரியாது. அப்புறமாத்தான் வலிக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "கோட்டு கெடச்சிடுச்சு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"டார்ச்சு நான்தானே புடிச்சேன்" என்றாள். "கோவமா?"

"இல்ல."

"நீ எல்லாத்துக்கும் இல்லதான் சொல்லுவ."

மேலே முளை அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ மாமாவிடமிருந்து சுத்தியலை வாங்கியிருக்க வேண்டும்.

"பெரியம்மா வீட்டுக்குப் போகணும்னு இருக்கா உனக்கு?"

"அது சொல்ல மாட்டேன்." யோசித்தாள். "ஒரு ஆட்டம் ஆடலாம். ரெண்டு பேரும் கை வைக்கணும். யார் மொதல்ல எடுக்கறாங்களோ அவங்க நெசத்தச் சொல்லணும். இல்லன்னு சொல்லக்கூடாது."

கையை விட்டேன். அவளும் விட்டாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை, அவள் சொன்னபடி. நான் இப்படியே இருட்டும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. இந்த ஆட்டத்தில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. மாதக்கணக்காக இதைத்தான் செய்கிறேன். கொஞ்சம் பொறுத்தால் போதும், அவள் எடுத்துவிடுவாள், என் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

"குண்டூசி, சாப்பிட வா!" என்று மேலேயிருந்து அக்கா கூப்பிட்டார். கொஞ்சம் விட்டு, "அப்பாவையும் கூட்டிட்டு வா."

அவள் அசையவில்லை. கீழுதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது, ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எடுப்பேனா என்று. என் மணிக்கட்டுக்கு மேலே எங்கோ மெல்ல ஒரு வலி புறப்பட்டு வந்தது. தண்ணீருக்கு அடியில் அவளுடைய சிவந்த விரல்கள் தடவிக்கொண்டு வந்து, என் கையைக் கண்டுபிடித்து, அழுத்திக்கொண்டன.